கல்விச் சுற்றுலாவும் கடார மண்ணும்



சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் எண்ணத்தை நாம் முன்வைத்தோம். கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின்னர், செம்பனைக் காட்டில் வேலை செய்யும் தாய் ஒருவர் எழுந்து, "ஐயா, இடிஞ்ச கல்லைப் பார்க்கவா பிள்ளைங்கள அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போகணும்? கடற்கரைக்குப் போனாலாவது ஆசைதீர விளையாடிட்டு வருவாங்களே" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒருவர் கேட்கத் தக்க கேள்வியே அது. அன்று நேரமின்மையால் சுருக்கமாக விடை கூறி அமர்ந்தோம். அவ்விடையை விரிவாகவும், இத்தகைய சுற்றுலாவை எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும் என்பதையும் அனைவரும் அறியும் பொருட்டு இவ்வாண்டு மலரில் எழுதுகின்றோம்.

முன்னொரு முறை நாம் செய்த பிழை

பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டப் பள்ளியில் பணியாற்றியபோது, மாணவர்களை ஓர் அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றோம். பேருந்து அமர்த்தினோம், உணவுப் பொட்டலம் கட்டினோம், தலைகளை எண்ணினோம். பயணத்துக்கு வேண்டிய யாவற்றையும் செய்தோம்; பாடத்துக்கு வேண்டிய எதனையும் செய்யவில்லை. பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்கு இடையே ஓடி, அரை மணி நேரத்தில் மறு வாயிலுக்கு வந்து சேர்ந்தனர். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னோம். பேருந்தில் வாந்தியெடுத்தவன் யார் என்பதும், வாயிலில் வாங்கித் தின்ற ஐஸ்கிரீமின் சுவையும் அக்கட்டுரைகளில் நிறைந்திருந்தன. கண்ட பொருளைப் பற்றி ஒரு குழந்தையும் எழுதவில்லை. பிழை நம்முடையதே, பிள்ளைகளுடையதன்று. எதைக் காண வேண்டும் என்று அறியாத கண், விளக்கில்லாத வீட்டுக்குள் நுழைந்த கண்ணைப் போன்றது.

அன்று நிகழ்ந்த மற்றொன்று இதனினும் பெரிது. பேருந்து புறப்பட்டபோது, பள்ளி வேலியோரம் இரு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். "காய்ச்சல்" என்று முதல்நாள் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வீட்டில் பணம் இல்லை. அதைச் சொல்லத் தந்தைக்கு நாணம். கேட்டறிய நமக்குக் கருத்தில்லை. அவ்விருவர் முகமும் இன்றுவரை நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

ஆகவே இம்முறை இரண்டு விதிகளை முதலிலேயே வகுத்துக்கொண்டோம். பணமின்மையால் எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது. முன்பாடம் கற்காமல் எந்தப் பிள்ளையும் பேருந்தில் ஏறக் கூடாது. இவ்விரு விதிகளைச் சுற்றியே ஏனைய ஏற்பாடுகள் யாவும் அமைகின்றன.

பூஜாங் பள்ளத்தாக்கு என்பது யாது?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், மெர்போக் ஆற்றுக்கும் ஜெராய் மலைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பே பூஜாங் பள்ளத்தாக்கு. பாம்பு என்று பொருள்படும் "புஜங்கம்" என்னும் வடசொல்லே பூஜாங் எனத் திரிந்தது என்பர். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு, கரை கண்ணுக்குப் புலப்படுமுன் இம்மலையே புலப்பட்டது. திசை காட்டும் கருவி இல்லாத காலத்தில், அதுவே மாலுமிக்குக் கலங்கரை விளக்கம்.

மரக்கலம் காற்றை நம்பியது. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேற்குக் காற்று இந்தியக் கரையிலிருந்து கப்பலைக் கிழக்கே செலுத்தியது. ஆண்டிறுதியில் தொடங்கும் வடகிழக்குக் காற்று அதனைத் திரும்ப அனுப்பியது. அதே வடகிழக்குக் காற்றில் சீனத்துக் கலங்கள் தெற்கே இறங்கி வந்தன. ஒரு காற்றில் வந்தவர் மறு காற்றுக்காகச் சில திங்கள் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தோருக்கு வீடு வேண்டும், சந்தை வேண்டும், வழிபடும் இடம் வேண்டும். இவ்வாறே மெர்போக் ஆற்றங்கரையில் துறைமுக ஊர் வளர்ந்தது.

அவ்வூரே தமிழர் நாவில் "கடாரம்" என வழங்கியது. சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பண்டங்களைச் சொல்லுமிடத்தில் "காழகம்" என்னும் ஊரைக் குறிக்கின்றது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைக் கடாரம் என்று பொருள்கொண்டார். சீனத் துறவி இ-சிங், 671-ஆம் ஆண்டில் தாயகத்தை விட்டுப் புறப்பட்டு இந்தியாவுக்குச் செல்லும் வழியில் கெடாவில் இறங்கிச் சென்றதைத் தம் குறிப்பில் எழுதியுள்ளார்.

சோழர் காலத்தில் இத்தொடர்பு நட்பாகவும் இருந்தது, பகையாகவும் மாறியது. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து மன்னர் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுந்தது. அதற்கு 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை, லெய்டன் செப்பேடுகள் என்று அறிஞர் வழங்கும் செப்பேடுகள் கூறுகின்றன. இரண்டு தலைமுறை கூடக் கழியவில்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கி, அதன் மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தது. "கடாரம் கொண்டான்" என்னும் பட்டம் அவ்வெற்றியினால் வந்தது.

இங்கே ஒரு செய்தியைப் பெற்றோரும் ஆசிரியரும் கருத்தில் இருத்துதல் வேண்டும். பூஜாங்கில் உள்ள கோயில்கள் யாவும் சோழர் படை வந்து கட்டியவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. அது வரலாறு அன்று. இராசேந்திரன் படை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர், வணிகம் செய்தனர், பௌத்தமும் சைவமும் தழைத்தன. மெர்போக்கை அடுத்த சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வு, அங்கே பெருமளவில் இரும்பு உருக்கப்பட்டதைக் காட்டியது. உலைக்குள் காற்றைச் செலுத்திய களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றின் மிகப் பழைய காலம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்விரும்பை உருக்கியோர் அம்மண்ணின் மக்களே என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஆகவே, "நாம் ஆண்ட மண்" என்ற செருக்கைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டா. தமிழரும் மலாய்க்காரரின் முன்னோரும் சீனரும் அரபு நாட்டு வணிகரும் சந்தித்துக் கொடுத்தும் பெற்றும் வாழ்ந்த மண் என்ற அறிவைக் கொண்டுவந்தால் போதும். இந்நாட்டில் வாழப்போகும் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய செல்வம்.

அங்கே எதைக் காண்போம்?

ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் லோ, 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பகுதியின் இடிபாடுகளைப் பற்றி முதலில் எழுதினார். 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆய்வாளர் தம் துணைவியாருடன் முப்பது அளவிலான இடங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டார். அவற்றுள் எட்டாம் எண் பெற்றதே புக்கிட் பத்து பாஹாட் கோயில். மலாய் மொழியில் இத்தகைய பழங்கோயிலைச் "சண்டி" என்பர். 1958 முதல் 1960 வரை அலஸ்டேர் லேம்ப் என்பார் இதனை அகழ்ந்து, சிதறிக் கிடந்த கருங்கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். 1980-ஆம் ஆண்டு அவ்விடத்திலேயே அரும்பொருளகம் திறக்கப்பட்டது. புக்கிட் பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களிலிருந்த கோயில்களும் அங்கே பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரே வளாகத்தில், கருங்கல், செங்கல், செம்புரைக்கல் எனப் பல்வகைக் கட்டுமானத்தையும் காணலாம்.

"பத்து பாஹாட்" என்பதன் பொருள் என்னவென்று மாணவர் அறிவரோ? "உளியால் செதுக்கிய கல்" என்பதே அது. ஆய்வாளர் வருமுன்பே, அக்குன்றில் மனிதர் செதுக்கிய கற்கள் உண்டு என்பதை ஊர்ப்பெயர் தன்னுள் காத்து வைத்திருந்தது. நம் தாப்பாவும் ஓர் ஆற்றுமீனின் பெயர் என்பர். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் அதன் பொருளைத் தேடும் பழக்கம், வரலாறு கற்பதன் முதற்படி.

முன்பாடம்: நான்கு வாரங்கள்

பயணத்துக்கு முன் நான்கு வாரங்கள், வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கியுள்ளோம்.

முதல் வாரம் காற்றும் கடலும். வங்கக் கடலின் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, காகிதக் கப்பல்களை ஒட்டி நகர்த்துவோம். மாணவர் தாமே மாலுமியாகித் தம் கப்பல் எந்த மாதம் நாகப்பட்டினத்தை விட்டுப் புறப்பட வேண்டும், எப்போது திரும்பலாம் என்று கணக்கிடுவர்.

இரண்டாம் வாரம் கோயில். இதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலே பாடநூல். கருவறை எங்கே, மண்டபம் எங்கே, திருமுழுக்கு நீர் வெளியேறும் கோமுகம் எங்கே என்று பிள்ளைகள் கண்டு படம் வரைவர். புக்கிட் பத்து பாஹாட்டிலும் கருவறைப் பகுதியும் அதன் முன் மண்டபமும் உண்டு. சொந்தக் கோயிலின் அமைப்பை அறிந்த குழந்தைக்கு, அங்கே வெறுங்கல்லாகத் தோன்றுவது கோயிலாகத் தோன்றும்.

இவ்வாரத்தில் பெற்றோரின் துணை நமக்கு இன்றியமையாதது. புக்கிட் பத்து பாஹாட் கோயிலை அகழ்ந்தபோது, கல்லைக் குடைந்து செய்த சிறு பேழைகள் கிடைத்தன. அவற்றுள் செப்புக் கலயமும் மணிக்கற்களும் பொன், வெள்ளித் துண்டுகளும் இருந்தன. அவை ஏன் புதைக்கப்பட்டன என்று நூல் படித்துப் பிள்ளைகள் அறியலாம். ஆனால் நம் தோட்டத்துக் கோயில் எழுந்தபோது கல் சுமந்தவர், திருவுருவை நிறுத்துமுன் பீடத்தின் கீழ்ச் சிற்பி பொன்னும் நவமணியும் இட்டதைக் கண்ணால் கண்டவர், இன்னும் நம்மிடையே உள்ளனர். அத்தகைய முதியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, மாணவர் முன் பேச வேண்டியிருக்கின்றோம். "எனக்கு என்ன தெரியும் ஐயா, நான் படிக்காதவன்" என்று அவர் மறுத்தார். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு கோயிலின் அடித்தளத்தை விளக்கும் அறிவு, பால்மரம் சீவிய அக்கைகளில் இருப்பதை அவர் அறியார். நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

மூன்றாம் வாரம் புதிர். பூஜாங்கின் கோயில்கள் எதற்கும் கூரை இல்லை. ஏன்? விடையை நாம் சொல்லப் போவதில்லை. கல்லால் ஆன தூண்பீடங்களின் படத்தைக் காட்டுவோம். அவற்றின் நடுவே குழி இருக்கும். அக்குழியில் எது நின்றது? அது இன்று எங்கே போயிற்று? மழைமிக்க இந்நாட்டில் மரம் எத்தனை ஆண்டு நிற்கும்? பழைய லயத்து வீட்டின் மரத்தூண் அடிப்பக்கம் உளுத்துப்போனதைக் கண்ட பிள்ளை, இதற்கு உடனே விடை சொல்லும். கல் நின்றது, மரத்தூணும் அது தாங்கிய கூரையும் மக்கிப்போயின. இல்லாததையும் காணக் கற்பதே வரலாற்றுக் கல்வி.

நான்காம் வாரம் நடைமுறை. மூவர் மூவராகக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பணி கொடுப்போம். ஒரு குழு கோமுகத்தைத் தேடும். ஒரு குழு தூண்பீடங்களை எண்ணும். ஒரு குழு மணிகளைப் பார்க்கும். ஒரு குழு சீனப் பீங்கான் ஓடுகளை வரையும். நூறு பொருளைப் பார்த்து மறப்பதினும் ஒரு பொருளைப் பார்த்து நினைவில் இருத்துதல் மேல்.

பணத்தைப் பற்றி

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் நன்று. பேருந்து வாடகை 1,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 40 மாணவர் சென்றால் தலைக்கு 40 வெள்ளி. எட்டுப் பிள்ளைகள் வர இயலாது நின்றுவிட்டால், மீதமுள்ள 32 பேரும் தலைக்கு 50 வெள்ளி கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை பின்தங்கினால் மற்றக் குழந்தைகளின் சுமையும் ஏறுகின்றது. ஆகவே எல்லாரும் வருவது அறம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும்.

40 வெள்ளியை ஒரே நாளில் கேட்டால் பல வீடுகளில் அது சுமை. வாரம் 2 வெள்ளி வீதம் 20 வாரம் சேர்த்தால் அத்தொகை எட்டும். இதன் பொருட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் உறை கொடுக்கப்படும். திங்கட்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளும் அவ்வுறையை ஒட்டிக் கொண்டுவருவர். உள்ளே 2 வெள்ளி இருக்கலாம், 50 காசு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எவ்வளவு என்பது பள்ளிக்கும் சங்கப் பொருளாளருக்கும் மட்டுமே தெரியும். குறைவதைச் சங்கமும் முன்னாள் மாணவரும் நிரப்புவர். வெறும் உறையைக் கொண்டுவரும் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். பெற்றோர் எவரும் "காய்ச்சல்" என்று சொல்லியனுப்ப வேண்டா.

நாளும் நேரமும்

தாப்பாவிலிருந்து மெர்போக் 250 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்தில் செல்ல நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இடையில் நிறுத்தம் வேறு. ஆகவே காலை 6 மணிக்குப் புறப்பாடு. பெற்றோர் பிரட்டுக்குச் செல்லும் வழியிலேயே பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுச் செல்லலாம். முற்பகல் 10.30 அளவில் சென்று சேர்ந்து, மாலை 2.30 மணிக்குத் திரும்பினால், இரவு 7.30 மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடலாம்.

எந்த நாள் என்பதிலும் கருத்து வேண்டும். நம் பேராக் மாநிலத்தில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடாவில் வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். அன்று சென்றால் நம் பாடநாள் கெடாது. அங்கும் கூட்டம் குறைவாக இருக்கும். எனினும், திறந்திருக்கும் நேரத்தை அரும்பொருளகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு உறுதி செய்தபின்னரே நாளைக் குறிப்போம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே மழை மிகுதி. குன்றின் படிகளும் கற்களும் வழுக்கும். ஆகவே அம்மாதங்களைத் தவிர்ப்போம்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலும், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்து வழி இசைவும் பெறாமல் பேருந்து புறப்படாது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆசிரியரும் பெற்றோரும் உடன் வருவர். ஒவ்வாமை, இழுப்பு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், மருந்தையும் அதனை உட்கொள்ளும் முறையையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மூடிய காலணி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் ஆகியவை போதும். கைச்செலவுக்கென்று பணம் கொடுத்தனுப்ப வேண்டா. ஒருவன் வாங்க மற்றவன் பார்த்து நிற்கும் நிலை வேண்டா. எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் தாய்மார் சிலர் பள்ளியிலேயே சமைத்துத் தர இசைந்துள்ளனர்.

வழியும் பாடமே. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளையும், மெனோரா சுரங்கப் பாதையையும் கடந்து கோலகங்சாரை அணுகும்போது பேருந்தில் ஒரு செய்தி சொல்வோம். 1877-ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஊர் அது. அக்கன்றுகளின் வழியே வளர்ந்த தொழிலே நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இங்கே கொணர்ந்தது. அவர்கள் கடந்ததும் கடாரத்து வணிகர் கடந்த அதே வங்கக் கடல்தான். பின்னர் மூடா ஆற்றைக் கடந்து கெடாவுக்குள் நுழைந்ததும், முதலில் ஜெராய் மலையைக் காண்பவர் யார் என்று போட்டி வைப்போம். மாலுமி கண்ட அம்மலையைப் பிள்ளைகளும் கண்டு குரல் எழுப்பட்டும்.

அங்கே நடந்துகொள்ளும் முறை

கற்களின்மேல் ஏறுதலும் தாவுதலும் கூடா. ஒரு சிறு ஓட்டையும் எடுத்துவருதல் கூடாது. ஓடு கிடந்த இடத்தில் கிடக்கும்வரைதான் அது சான்று. சட்டைப் பையில் புகுந்தால் வெறும் மண். கேள்வி கேட்க நாண வேண்டா. முதல் கால் மணி நேரம் எவரும் பேசாமல், எழுதாமல், கோயிலைச் சுற்றி நடந்து பார்க்க மட்டும் செய்வர். அதன் பின்னரே குழுக்கள் தத்தம் பணியைத் தொடங்கும்.

திரும்பிய பின்

பேருந்து பள்ளிக்கு வந்து நின்றவுடன் சுற்றுலா முடிந்துவிடுவதில்லை. அடுத்த வாரம் ஒவ்வொரு குழுவும் தான் கண்ட ஒரு பொருளைப் பற்றி முதல், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும். பிறர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தாம் எதை அறிந்தோம், எதை அறியவில்லை என்பது புலனாகும். அதன்பின், நம் தோட்டத்தின் பழம்பொருள்களை மாணவர் தேடித் தொகுப்பர். பால் வாங்கிய மங்கு, பால்வெட்டுக் கத்தி, பழைய சம்பளச் சீட்டு, லயத்தின் நிழற்படம், கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டி ஆகியவை யார் வீட்டில் உள்ளன என்று கேட்டெழுதுவர். பொருளை வாங்கிவர வேண்டா. அதன் வரலாற்றை எழுதிவந்தால் போதும்.

கேட்ட கேள்விக்கு விடை

இடிந்த கல்லைப் பார்க்கவா என்று கேட்ட தாய்க்கு இப்போது விடை சொல்வோம்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங்கிலிருந்து ஒரு செய்தி வந்து நாட்டையே வருந்தச் செய்தது. சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண் பெற்றிருந்த சண்டி ஒன்று, வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்செய்தபோது இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. நிலம் தனியாருடையது, பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் பதியப்படவும் இல்லை. பல நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் அசையாது கிடந்த செங்கற்கள், அறியாமையின் முன் நிற்கவில்லை. இடித்தவர் கண்ணுக்கு அது கல்மேடு. தடுத்து நிறுத்த, "இது கோயில்" என்று அறிந்த கண் ஒன்று அவ்வேளையில் அங்கே இல்லை.

தொலைவுக்குப் போவானேன்? நம் கண்முன்பே எத்தனை தோட்டங்களில் லயங்கள் இடிந்தன, புகைக்கூடங்கள் மறைந்தன, ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது! அவற்றுள் எதனை நாம் எழுதிவைத்தோம்? எந்த ஆண்டில் யார் கட்டிய கோயில், யார் வெட்டிய கிணறு என்று கேட்டால் இன்று எத்தனை பேர் விடை சொல்வர்? அறியப்படாதது பார்க்கப்படுவதில்லை. பார்க்கப்படாததைக் காப்பவர் இல்லை. இடிந்த கல்லைக் கோயில் என்று கண்டறியும் கண்ணை நம் பிள்ளைகளுக்குத் தருவதே இச்சுற்றுலாவின் பயன். அந்தக் கண்ணோடு அவர்கள் திரும்பி வந்தால், தம் தோட்டத்தையும் தம் பாட்டன் பாட்டியையும் வேறு விதமாகப் பார்ப்பர். கடலில் விளையாடும் இன்பத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. அதற்கும் ஒரு நாள் வரட்டும்.

கேள்வி கேட்ட அத்தாயாரையே, உடன் வரும் பெரியவர்களுள் ஒருவராக இருக்குமாறு வேண்டியுள்ளோம். "வேலைக்கு லீவு கிடைச்சா பார்க்கலாம் ஐயா" என்று சொல்லியிருக்கின்றார். அவருக்கென ஓர் இருக்கை காத்திருக்கும். புதிய பள்ளித் தவணையின் முதல் திங்கட்கிழமை உறைகள் கொடுக்கப்படும். பெற்றோர் அனைவரும் ஒத்துழைப்பு நல்க வேண்டுகின்றோம்.

வளர்க நம் பிள்ளைகளின் அறிவு. வாழ்க நம் பள்ளி!